குவேக்கர்ஸ் ஹில் சகிப்புக் கட்டளை

அருமைநாதன் கேட்டது ஒரு சாவி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மன்றத்தின் ஆண்டறிக்கையில் அவர் "மத உரிமை கோரி மன்றாடினார்" என்று அச்சாகியிருக்கிறது. அவர் எதையும் கோரவில்லை, மன்றாடவும் இல்லை. சிட்னி மெரிலேண்ட்ஸில் இருக்கும் தமிழ் மன்ற மண்டபம் ஞாயிறு காலையில் சும்மா பூட்டிக் கிடக்கிறது, எட்டு மணிக்குச் சாவியைத் தந்தால் ஜெபம் பண்ணிவிட்டு, நாற்காலிகளை அடுக்கி, கூட்டிப் பெருக்கி, ஒன்பதரைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்றார். அவ்வளவுதான்.

அது 1998 பிப்ரவரி மாதம். அதுவரை அவர்களுடைய தமிழ் ஆராதனை நடந்துவந்த பழைய கோயிலின் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகக் கண்டுபிடித்து, சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். ஒன்பது குடும்பம், நாற்பத்தொரு தலை. பாதிப் பேர் அருமைநாதனையும் அவர் மனைவி மார்கரெட்டையும் போல மலேசியாவிலிருந்து வந்த மெதடிஸ்டுகள். மீதிப் பேர் யாழ்ப்பாணத்தவர், எல்லோருமே புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். போதகர் இரத்தினசிங்கத்துக்கு எழுபத்தைந்து வயது, ஒரு காது கேட்காது. தன் பிரசங்கத்தின் நீளத்தை அவர் அறியாமல் போனதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

வேறு மண்டபம் கிடைக்காதா என்றால் கிடைக்கும். ஆனால் அருமைநாதன் தொழிலால் நில அளவையாளர். மன்றம் அந்த மனையை வாங்கியபோது மூன்று சனிக்கிழமை வெயிலில் நின்று இலவசமாக அளந்து கொடுத்தவர். ஆயுட்கால உறுப்பினர், எண் பதினான்கு. சொந்த வீட்டில் ஓர் அறையைக் கேட்பதற்கு என்ன கூச்சம் என்று நினைத்தார். மனுஷனுக்கு அறுபது வயதிலும் அப்படி ஒரு வெகுளித்தனம்.

இன்னொரு காரணமும் இருந்தது. மெல்பர்னில், ரோவிலில் குடியிருந்த மகள் எஸ்தருக்கு ஜூனில் முதல் குழந்தை. எஸ்தர் பிறந்தபோது சிட்னியில் தமிழ்ச் சபை கிடையாது, அவளுடைய ஞானஸ்நானம் ஆங்கிலத்தில் நடந்தது. அந்தப் பாதிரியார் "அருமைநாதன்" என்ற பெயரை மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் வேறு வேறு இடத்தில் உடைத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இருபத்தெட்டு வருஷமாக அவருக்குள் புண்ணாக இருந்தது. பேரக்குழந்தைக்கு அக்டோபரில், தமிழில், இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடி நிற்க ஞானஸ்நானம் நடக்க வேண்டும். மருமகன் வீட்டார் மட்டுமே ஐம்பது பேர். வாழ்க்கையில் எதற்குமே பிடிவாதம் பிடிக்காத மனிதர் இதற்குப் பிடித்தார்.

மன்றத் தலைவர் சச்சிதானந்தன் யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருஷம் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். நிர்வாகக் குழுவில் பதினொரு பேர், எல்லோரும் சைவர்கள், அதில் ஒன்பது பேர் அவருடைய பழைய மாணவர்கள். டாக்டர், கணக்காளர், ரயில்வே இன்ஸ்பெக்டர் என்று ஆளாளுக்கு ஒரு பதவி. ஆனாலும் கூட்டத்தில் கையை உயர்த்தி, "சேர்" தலையசைத்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அவர் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவர் அந்தக் குழுவில் எவருமில்லை.

"திறப்பு குடுக்கிறது பெரிய விசயமில்லை, மிஸ்டர் அருமைநாதன்," என்றார் தலைவர். "அது செயலாளர் வரதராஜாவின்ர பொக்கற்றுக்குள்ளதான் கிடக்கு. ஆனா சும்மா தூக்கிக் குடுத்தால் அதுக்கு என்ன பேர்?"

"உதவிங்க."

"இல்லை. அலட்சியம். சிறுபான்மை விசயத்தில நாங்கள் அலட்சியமாய் இருக்கேலாது. உங்களைச் சட்டப்படி சகிக்க வேணும்."

அருமைநாதன் குழம்பிப்போனார். "சகிச்சுக்கிற அளவுக்கு நாங்க என்னங்க பண்ணிட்டோம்?"

தலைவர் எழுந்தார். அவர் எழுந்ததும் ஒன்பது பேரும் தன்னிச்சையாகப் பேனாவைத் திறந்தார்கள். பிரான்சு தேசம், 1598ஆம் ஆண்டு, நாந்த் நகரம். கத்தோலிக்க மன்னன் நான்காம் ஹென்றி, தன் நாட்டுப் புரொட்டஸ்தாந்துகள் எங்கே கும்பிடலாம், எங்கே கும்பிடக் கூடாது என்று தொண்ணூற்றிரண்டு விதிகளில் ஒரு கட்டளை பிறப்பித்தான். இரகசிய விதிகள் ஐம்பத்தாறு தனி. பாரிஸ் நகருக்குள்ளும் அதைச் சுற்றி ஐந்து லீக் தூரத்துக்குள்ளும் ஆராதனை கூடாது. பின்னால் வந்த மன்னன் பதினான்காம் லூயி காலத்தில் ஞானஸ்நானத்துக்குப் பன்னிரண்டு பேர், சவ அடக்கத்துக்கு முப்பது பேர் என்று கணக்கும் வைத்தார்கள். கத்தோலிக்க ஊர்வலம் தெருவில் போனால் உள்ளே சங்கீதம் பாடுகிறவர்கள் வாயை மூட வேண்டும்.

"எவ்வளவு நுணுக்கமான சகிப்பு பாருங்கோ!" என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. "வாற ஏப்ரிலோட நானூறு வருசம் நிறையுது. நீங்கள் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறியள்."

சாவி கேட்டவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். மார்கரெட் கேட்டுவிட்டு, "வருஷா வருஷம் ஜூலை மாசம் மெழுகுவத்தியைக் கையில குடுத்து, இலங்கையில சிறுபான்மை உரிமை வேணும்னு நம்மையும் பார்க்ல நிக்க வைக்கிறாங்களே, அந்த ஆளுங்கதானேலா இவங்க?" என்றாள். அருமைநாதன், "அது வேற சிறுபான்மைம்மா," என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது என்ன பதில் என்று விளங்கவில்லை.

கட்டளை எழுத இரண்டு மாதம் ஆயிற்று. உண்மையில் முப்பது விதிகளுக்கு மேல் எவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் நாந்தில் தொண்ணூற்றிரண்டு என்றால் மெரிலேண்ட்ஸிலும் தொண்ணூற்றிரண்டு என்று தலைவர் சொல்லிவிட்டார். மிச்ச இடத்தைக் குசினிப் பொறுப்பாளர் யோகராணி நிரப்பினார். தேத்தண்ணிப் பானை, கதிரை, துடைப்பம், செருப்பு வைக்கும் தட்டு என்று எல்லாவற்றுக்கும் விதி வந்தது. மன்ற விழாக்களுக்கு வரும்போது சகிக்கப்படுவோர் குடிக்க வேண்டிய கோப்பைகளுக்கு அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. "சுகாதாரத்துக்காக மட்டும்," என்று அடிக்குறிப்பு போட்டார். இந்த ஊரில் முப்பத்தைந்து வருஷம் எல்லாச் சாதிக் கோப்பையிலும் காப்பி குடித்த அருமைநாதனுக்குக் கோபம் வர அந்தப் பொட்டு போதாதா? போதவில்லை, அவர் அதையும் விழுங்கினார்.

மூன்றாம் விதிதான் உச்சம். மண்டபம்தான் பாரிஸ். ஆகவே ஆராதனை அங்கே கூடாது, ஐந்து லீக் தள்ளித்தான் நடக்க வேண்டும். தலைவர் சிட்னித் தெரு வரைபடத்தை விரித்து, மெரிலேண்ட்ஸில் கவராயத்தின் முள்ளைக் குத்தி வட்டம் போட்டார்.

"உங்கட வீடு குவேக்கர்ஸ் ஹில்லில எல்லே? கராஜ் இருக்கோ?"

"இருக்குங்க. ரெண்டு காருக்கு."

"அப்ப பிரச்சினை தீர்ந்துது. உங்கட கராஜில நீங்கள் கும்பிடுறதுக்கு மன்றம் அனுமதி தருது."

குழு கைதட்டியது. ஒன்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அருமைநாதனும் மரியாதைக்கு எழுந்து நின்றார். தூரத்தைத் துல்லியமாக அளக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள், அவர்தானே நில அளவையாளர். நேர்கோட்டில் பதினைந்தரைக் கிலோமீட்டர் வந்தது. ஐந்து லீக் என்றால் இருபதுக்குக் குறையாது. நேர்மையான மனிதர், உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். தலைவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, பிரான்சிலும் பிற்பாடு பாரிசுக்குக் கிட்ட ஷாரண்டோன் என்ற ஊரில் கோயில் கட்ட மன்னன் இரங்கினான் என்று நினைவுகூர்ந்து, நாலரைக் கிலோமீட்டரை மன்னித்தார். அதற்கும் கைதட்டல்.

இவ்வளவுக்கும் அருமைநாதன் ஏன் தலையாட்டினார் என்றால், விதி எழுபத்தொன்று. வருஷத்துக்கு ஒரு தடவை, விசேஷ சடங்கு ஒன்றுக்காக, முன்பதிவின் பேரில் மண்டபம் திறந்து விடப்படும். அக்டோபர் பதினெட்டு, ஞாயிறு, காலை ஒன்பது மணி என்று வரதராஜாவின் டயரியில் எழுதிவைத்தார்கள். அந்த ஒரு வரிக்காக மீதித் தொண்ணூற்றொன்றையும் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார்.

புத்தாண்டு விழாவில் கட்டளை அரங்கேறியது. பட்டு விரித்த தட்டில் வந்தது. தலைவர் ஒவ்வொரு விதியாக வாசிக்க, மண்டபம் ஒவ்வொன்றுக்கும் கைதட்டியது. பிறகு பேசினார்.

"அன்பான சபையோரே! பிடிக்காத ஆக்களை அடிச்சுக் கலைக்கிறது சுகம். அதை எவனும் செய்வான், எங்களுக்கும் செய்தவங்கள். ஆனா பிடிக்காத ஆக்களைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, பிடிக்கேல்லை எண்டதை அவையளுக்கு ஒவ்வொரு நாளும் நாகரிகமாய் உணர்த்துறதுக்குப் பெரிய மனசு வேணும். அந்த மனசு எங்களிட்ட இருக்கு! புரொட்டஸ்தாந்து சகோதரங்கள் ஒருக்கா எழும்பி நில்லுங்கோ. சனம் தாங்கள் சகிக்கிறது ஆரை எண்டு பாக்கட்டும்."

நாற்பத்தொரு பேரும் எழுந்து நின்றார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போதகருக்குச் சரியாகக் கேட்கவில்லை. யாரோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார்.

மே மாதத்திலிருந்து கராஜில் ஆராதனை. மன்றம் ஒரு சகிப்பு அலுவலரை நியமித்தது, ரயில்வே இன்ஸ்பெக்டர் சிறிதரன். ஆள் எண்ணும் கருவியைச் சொடுக்கியபடி வாசலில் நிற்பார். கையில் ஒரு படிவம். அதில் மூன்று கட்டங்கள். சகித்தேன், சிரமப்பட்டுச் சகித்தேன், சகிக்க முடியவில்லை. ஏதாவது ஒன்றில் புள்ளடி போட வேண்டும். போதகரின் பிரசங்கம் ஐம்பது நிமிஷத்தைத் தாண்டிய ஒரு ஞாயிறு சிறிதரன் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"என்னைப் பிழையாய் எடுக்காதையுங்கோ அங்கிள்," என்பார் அருமைநாதனிடம். "சேர் சொன்னவர். அவர்தான் எனக்கு வரலாறில ஏ போட்டவர்."

மணி அடிக்கக் கூடாது என்று இருபத்திரண்டாம் விதி. கராஜில் ஏது மணி? ஆனாலும் வீட்டு அழைப்பு மணி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் நாடா ஒட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அருமைநாதனே சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டிவைத்தார். சவ அடக்கம் பற்றிய முப்பத்தொன்றாம் விதிக்கு, முன்னேற்பாடாக, சபையில் யாருக்காவது சாவு நெருங்கியிருக்கிறதா என்று கேட்டு யோகராணி தொலைபேசினார். மார்கரெட், "இன்னிக்கு இல்லைங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜூன் மாதம் தலைவருக்கு ஒரு கவலை வந்தது. மன்ற ஊர்வலம் போகும்போது பாட்டை நிறுத்த வேண்டும் என்பது பதினேழாம் விதி. ஆனால் குவேக்கர்ஸ் ஹில்லில் எவரும் ஊர்வலம் போகவில்லையே? பயன்படுத்தாத விதி துருப்பிடித்துவிடும் என்றார். அடுத்த ஞாயிறு ஒன்பதேகாலுக்கு, மன்றக் கொடி கட்டிய ஆறு கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு அருமைநாதன் வீட்டுத் தெருவுக்குள் மெல்ல ஊர்ந்து வந்தன. சிறிதரன் கையை உயர்த்தினார். கீர்த்தனை இரண்டாம் சரணத்தின் நடுவில் நின்றது. ஆனால் அது முட்டுச் சந்து. கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப இருபது நிமிஷம் ஆயிற்று, திரும்பி வரும்போது அதுவும் ஊர்வலம்தான் என்பதால் மறுபடி வாயை மூட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக் கெவின் வேலிக்கு மேலே தொப்பியைக் கழற்றி நின்று, "யார் செத்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

கராஜின் தரை சிமென்ட். ஜூலைக் குளிர் செருப்பு வழியாக எலும்புக்கு ஏறியது. முதலில் குழந்தை வைத்திருந்தவர்கள் விலகினார்கள், பிறகு மூட்டுவலிக்காரர்கள். பக்கத்தில் ஹீட்டர் வைத்த ஆங்கிலக் கோயில்கள் இருந்தன. அங்கே கேள்வி கேட்காமல் உள்ளே விட்டார்கள். சிறிதரனின் கருவி நாற்பத்தொன்றிலிருந்து இருபத்தாறாகி, பதினொன்றாகி, ஆகஸ்டில் ஆறில் வந்து நின்றது. மார்கரெட் பாடும்போது அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அருமைநாதனுக்கு அது தாங்கவில்லை. ஆனால் அக்டோபருக்கு இன்னும் எட்டே வாரம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து மாநிலத்தின் சமூக நல்லிணக்க வாரியம், சிறுபான்மையைச் சிறப்பாக நடத்தும் சங்கத்துக்கு ஒரு கேடயம் அறிவித்தது. தலைவர் ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கம் எழுதி அனுப்பினார். தமிழ் மூலத்தையும் பட்டு நாடா கட்டி வைத்தார். வாரியத்திலிருந்து மிஸ் ஹாலோவே என்ற அம்மாள் கராஜைப் பார்க்க வந்தார். தொண்ணூற்றிரண்டு விதிகள் கொண்ட நூலைக் கையில் வாங்கி எடை பார்த்தார், திறக்கவில்லை, தமிழ் தெரியாது. "எங்கள் வாரியத்திடமே இவ்வளவு பெரிய கொள்கை ஆவணம் இல்லை," என்றார் வியந்து. அருமைநாதனிடம், "நீங்கள் நன்றாகச் சகிக்கப்படுகிறீர்களா?" என்று கேட்டார். பின்னால் ஒன்பது பழைய மாணவர்கள் நின்றார்கள். அருமைநாதன், "ரொம்ப," என்றார். பேரனுக்காக இந்த ஒரு சொல்லையும் சொல்லி வைத்தார். கேடயம் மன்றத்துக்கே என்று முடிவாயிற்று.

செப்டம்பரில் ஞானஸ்நானத்தைப் பற்றி விவாதிக்கக் குழு கூடியது. ஞானஸ்நானத்துக்குப் பன்னிரண்டு பேர்தான் என்பது நாற்பத்தெட்டாம் விதி. அருமைநாதன் தொண்ணூறு பேரை அழைத்திருந்தார்.

வரதராஜா கையை உயர்த்தினார். தலைவர் தலையசைத்தார். "சேர், குழந்தையையும் சேர்த்துப் பன்னிரண்டோ?"

பெரிய கேள்வி. சடங்குக்கு முன்னால் குழந்தை புரொட்டஸ்தாந்து அல்ல, ஆகவே கணக்கில் வராது. தண்ணீர் தெளித்த கணமே அது புரொட்டஸ்தாந்து ஆகிவிடும். அப்போது மண்டபத்தில் பதின்மூன்று பேர், விதி மீறல். ஆகவே தண்ணீர் தெளிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஒருவர் வெளியேற வேண்டும் என்று ஒன்றரை மணி நேரத்தில் முடிவாயிற்று. மீதிப் பேர் பன்னிரண்டு பன்னிரண்டாக முறைவைத்து உள்ளே வரலாம், ஒவ்வொரு முறைக்கும் ஞானஸ்நானத்தைத் திரும்பச் செய்து காட்டினால் போகிறது.

"அது ஒருக்காத்தான் ஐயா செய்யிறது," என்றார் போதகர்.

"அது உங்கட சமயப் பிரச்சினை. அதில நாங்கள் தலையிட மாட்டம்," என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

அருமைநாதன் அதற்கும் சரி என்றார். எட்டுத் தடவையோ எண்பது தடவையோ, தமிழில் நடந்தால் போதும்.

அக்டோபர் பதினேழு சனிக்கிழமை. மெல்பர்னிலிருந்து எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். எஸ்தர் நான்கு மாதக் குழந்தை டேனியலோடு வீட்டில் இருந்தாள், சம்பந்தி வீட்டார் மோட்டலில். மார்கரெட் இரண்டு பானை பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குச் சிறிதரன் வந்தார், கடிதம் ஒன்றை நீட்டினார்.

"அங்கிள், நான் கொண்டு வந்து குடுக்கிறவன் மட்டுந்தான். போட்டு வாறன்," என்று நிற்காமல் போய்விட்டார்.

கடிதம் இப்படி இருந்தது. 1685ஆம் ஆண்டு அக்டோபர் பதினெட்டாம் தேதி மன்னன் பதினான்காம் லூயி நாந்த் கட்டளையை இரத்துச் செய்தான். பெரும்பாலான புரொட்டஸ்தாந்துகள் மனம் மாறிவிட்டபடியால் இனிக் கட்டளை தேவையில்லை என்பது காரணம். மெரிலேண்ட்ஸிலும் எண்ணிக்கை நாற்பத்தொன்றிலிருந்து ஆறாகக் குறைந்துள்ளது. ஆகவே சகிப்பு முழு வெற்றி பெற்று நிறைவடைந்துவிட்டது. வரலாற்றுப் பொருத்தம் கருதி நாளையோடு கட்டளை நீக்கப்படுகிறது. விதி எழுபத்தொன்றும் அதில் அடக்கம். கேடய விழா மேடை அலங்காரத்துக்கு மண்டபம் தேவைப்படுவதால் ஒன்பது மணி முன்பதிவு இல்லை. குவேக்கர்ஸ் ஹில் கராஜிலும் நாளை முதல் ஆராதனை கூடாது. எனினும், லூயி மன்னன் செய்தது போலவே, சிறுபான்மையோர் வெளியேறுவது தடுக்கப்பட்டுள்ளது. எஞ்சிய ஆறு பேரும் பதினொரு மணிக்குப் பண்பாட்டு உடையில் முன்வரிசையில் அமர வேண்டும்.

அருமைநாதன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு அழைப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தொலைபேசியருகில் உட்கார்ந்தார். தொண்ணூறு பேருக்கும் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதலில் மோட்டலுக்குச் சுழற்றினார்.

எஸ்தர் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் ஓடும், நேரமாயிற்று. "டாட், போனை வைங்க. ஹால் அவங்களோடது, ஓகே. கராஜ் யாரோடது?"

"நம்மோடதும்மா."

"மோர்கேஜ்?"

"தொண்ணூத்தி நாலுலயே கட்டி முடிச்சாச்சு."

"தென் வை ஆர் யூ ஆஸ்கிங் தெம்?"

அவர் போனை வைத்தார். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கொட்டும் குளிரில், தான் கட்டிய வீட்டில், தான் ஒட்டிய நாடா. எழுந்து நில் என்றால் நின்றது, கையை உயர்த்தினால் பாட்டை நிறுத்தியது. எவன் தடுத்தான்? எந்தச் சட்டம்? இந்த நாட்டில் எவனும் தன் கராஜில் எதையும் கும்பிடலாம், கெவின் தன் கராஜில் மோட்டார் பைக்கைக் கும்பிடுகிறான். அருமைநாதனுக்கு வெட்கமாக இருந்தது. மன்றத்தின் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

மார்கரெட் வெங்காயக் கையோடு வாசலுக்குப் போய் நாடாவைப் பிய்த்து எறிந்துவிட்டு வந்தாள். பிறகு பட்டியலைக் கணவன் கையிலிருந்து வாங்கி, பழைய சபையின் மற்ற எட்டுக் குடும்பத்துக்கும் மோட்டலுக்கும் தானே போன் செய்தாள். "நாளைக்கு நம்ம வீட்ல. ஆமா, கராஜ்ல. கதவைத் தூக்கி வச்சிருவோம். குளிருக்குச் சால்வை கொண்டு வாங்க."

மறுநாள் ஒன்பது மணிக்குக் கராஜ் நிறைந்து, சரிவுப் பாதை நிறைந்து, கடிதப் பெட்டி வரைக்கும் சனம் நின்றது. விலகிப்போன குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. கெவின் தன் வீட்டு நாற்காலிகளை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார். கீர்த்தனையை ஆறு சரணமும் பாடினார்கள். போதகர் ஐம்பத்தைந்து நிமிஷம் பிரசங்கம் செய்தார், கட்டம் போட்டுப் பார்க்க ஆளில்லை. குழந்தையின் நெற்றியில் தண்ணீர் பட்டதும் அது வீறிட்டது. "டேனியல் அருமைநாதன்" என்று, தாத்தாவின் பெயரையும் சேர்த்து, போதகர் எங்கும் உடைக்காமல் உரக்கச் சொன்னார். அருமைநாதன் அழுதார். அழுவதை மறைக்கவில்லை.

பிரியாணி பரிமாறும்போது, பன்னிரண்டு மணி சுமாருக்கு, வீட்டுத் தொலைபேசி அடித்தது. தலைவர்தான், புதிதாக வாங்கிய செல்போனிலிருந்து. பின்னால் மண்டப இரைச்சல்.

"மிஸ்டர் அருமைநாதன், எங்க நிக்கிறியள்? முன்வரிசை வெறுமையாய்க் கிடக்கு! மிஸ் ஹாலோவே, சிறுபான்மை எங்க, சிறுபான்மை எங்க எண்டு கேக்கிறா. வேற வழியில்லாமல் வரதராஜாவைப் புரொட்டஸ்தாந்தாய் எழுப்பி விட்டனாங்கள். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சவர். அவ அவரை ஒரு ஜெபம் சொல்லச் சொல்லிப் போட்டா. மனுசன் தேவாரத்தைப் பாடிப் போட்டார்!"

"நல்லா பாடுவாரே," என்றார் அருமைநாதன்.

"பகிடி விடாதையுங்கோ! வாரியத்துப் பெரியாக்கள் பன்னிரண்டு பேர் வந்திருக்கினம். எங்கட சகிப்புக்கு அவை ஆதாரம் கேக்கினம். ரண்டு பேரையாவது உடன கூட்டிக்கொண்டு வாங்கோ."

"வர முடியாதுங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். ஆதாரம்தான் உங்க கையிலயே இருக்கே. கட்டளையை இங்கிலீஷ்ல பண்ணியாச்சா?"

"ஓம். வரதராஜா போன கிழமைதான் முடிச்சவர். முழுக்க."

"அப்புறம் என்ன? அதை மைக்ல வாசிங்க. சுருக்கம் வேணாம். ஒண்ணுகூட விடாம, தொண்ணூத்திரண்டும்."

மறுமுனையில் தலைவரின் குரல் மலர்ந்தது. "அருமையான யோசனை! நாந்திலயும் முழுக்கத்தான் வாசிச்சிருப்பினம்."

அவசரத்தில் செல்போனை அணைக்க மறந்து மேசைமேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது. அருமைநாதன் காதிலிருந்து எடுக்கவில்லை. மைக் கொரகொரத்தது. தலைவர் ஆங்கிலத்தில் முன்னுரை சொன்னார், பலத்த கைதட்டல். முதல் விதிக்குக் கைதட்டல். மூன்றாம் விதியில், பதினைந்தரைக் கிலோமீட்டருக்கு அப்பால் அவரவர் சொந்தக் கராஜில் என்ற இடத்தில், கைதட்டல் கொஞ்சம் பிந்தி வந்தது. பாட்டை நிறுத்த வேண்டும் என்ற பதினேழாம் விதிக்கு ஒன்பது பேர் மட்டும் தட்டுவது கேட்டது. இறந்தவரை விடிவதற்கு முன்னால், முப்பது பேருக்கு மேற்படாமல் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற முப்பத்தொன்றாம் விதிக்கு அவர்களும் தட்டவில்லை. யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்கள். இன்னொரு நாற்காலி. ஒரு பெண் குரல், மிஸ் ஹாலோவேயுடையதாக இருக்கலாம், "ஓ மை காட்" என்றது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் சத்தமாக, முப்பத்திரண்டாம் விதியைத் தொடங்கினார்.